கூண்டுக்குள் நின்ற குத்துச்சண்டை நடுவர்

நடுவர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நல்லதாக நாலு விசயம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்லது என்னிடம் அதிகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி வாத்தியார், சனி ஞாயிறில் குத்துச்சண்டை நடுவர் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அதில் என்னைப் பாராட்டி எழுதிய கடிதங்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்று, நான் செய்த ஈனத்தனத்துக்காகக் கிடைத்த பாராட்டு. அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். விதிகளைத்தான் நீங்கள் கைப்பேசியிலேயே படித்துவிடுகிறீர்களே.

எங்கள் ஹட்டன் குத்துச்சண்டை மண்டபத்தில் ஒரு காலத்தில் மாலை நாலு மணிக்கு நிற்க இடம் இருக்காது. றொசல்லையிலிருந்து ரயிலில் வருவார்கள், பூண்டுலோயாவிலிருந்து பஸ் மாறி மாறி வருவார்கள். இருந்த எட்டு ஜோடி க்ளவுஸை முறை வைத்துப் போட்டார்கள். பிறகு எம்.எம்.ஏ. வந்தது. குத்து, உதை, மல்லு, கழுத்துப் பிடி எல்லாம் சேர்ந்த கூண்டுச் சண்டை. பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்த்தார்கள், பேசினார்கள், கனவு கண்டார்கள். சதீஸ் என்ற இளைஞன், டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் நுரைப்பாய் விரித்து வகுப்பு தொடங்கினான். ஆறு மாதத்தில் என் மண்டபத்தில் க்ளவுஸ் மிச்சம், ஆள் இல்லை.

எனக்கு எரிச்சல். சும்மா எரிச்சல் இல்லை, வயிறு எரிந்தது. "அது விளையாட்டு இல்லப்பா, தெருச்சண்டை. கீழ விழுந்தவன அடிக்கிறது ஒரு வீரமா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். சதீஸின் பையன்கள் பதிலுக்கு, "பொக்சிங் வயசானவங்க பாக்குறது" என்றார்கள். இரண்டு பக்கமும் டவுனில் ஒரே தேநீர்க்கடையில்தான் உட்காருவோம், வேறு வேறு மேசையில்.

என்னை விட்டுப் போனவர்களில் மனதைச் சுட்டவள் நிரோஷினி. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்தெடுக்கிறாள், அப்பா இல்லை, லயத்து வரிசை வீடுகளில் ஒரே அறையாக ஒரு காம்பரா. பதினான்கு வயதில் என்னிடம் வந்தவள், இருபது வரைக்கும் ஒரு நாள் பிந்தியதில்லை. அவளுடைய இடது கை நேராகப் போனால் எதிரில் நிற்பவள் அதைப் பார்ப்பதற்குள் மூக்கில் விழும். அந்தக் கையை நான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொழும்பில் ஒரு போட்டியில் அவள் மூன்று சுற்றும் முன்னணியில் இருந்தாள். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் புள்ளித்தாளில் தோற்றாள். எதிரில் இருந்த பெண்ணின் பயிற்சியாளர் யார், அவர் யாரோடு சாப்பிடப் போவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகள் மேசையில் நானும் இருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அடுத்த வருடம் அந்த மேசையில் எனக்கு நாற்காலி இருந்திருக்காது. அதனால் தண்ணீர் போத்தலைத் திறந்து குடித்தேன்.

அடுத்த வாரம் என் க்ளவுஸைத் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"சதீஸ் அண்ணன்கிட்ட போறேன் சார்."

"அங்க போய் நாய் மாதிரி தரையில உருளப் போறியா?"

"உருண்டா உருளுறேன் சார். கூண்டுக்குள்ள தோத்தா தோத்தது தான். பேப்பர்ல எழுதி யாரும் என்னய தோக்கடிக்க மாட்டாங்க."

"நல்லா இரு" என்றுகூடச் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து சதீஸ் ஹட்டனில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, நடுவில் கூண்டு போட்டு, பெரிய போட்டி வைத்தான். டவுன் முழுக்க போஸ்டர். ஒரு போஸ்டரில் நிரோஷினி. போட்டி அன்று காலை கினிகத்தேனைப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து, கொழும்பிலிருந்து வர வேண்டிய நடுவர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார். பத்து மணிக்கு சதீஸ் என் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றான்.

"சார், நீங்க தான் காப்பாத்தணும். நடுவர் லைசன்ஸ் உள்ள ஆள் இங்க வேற யாரும் இல்ல."

"எனக்கு ஒங்க வெளயாட்டு தெரியாதே."

"அரை மணித்தியாலத்துல சொல்லித் தாறேன். கீழ விழுந்தாலும் அடிக்கலாம், நீங்க நடுவுல வரத் தேவயில்ல. அடிபடுறவங்க தடுக்காம விட்டா நிறுத்துங்க. கையால தட்டுனா ஒடனே நிறுத்துங்க. தட்டுறதுன்னா 'போதும், தோத்துட்டேன்'னு அர்த்தம். அது தான் சார் எல்லாத்துலயும் முக்கியம்."

அவன் ஒழுங்காகத்தான் சொன்னான். அதில் அவன் மேல் பழி போட இடமில்லை. என் முன்னாள் மாணவி சண்டை போடுகிறாள், நான் நடுவராக நிற்பது முறையில்லை என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். தெரியாத விளையாட்டுக்கு அரை மணித்தியாலம் போதாது என்றும் சொல்லியிருக்க வேண்டும். நான் சட்டையை இஸ்திரி போட்டேன். ஏன் தெரியுமா? என்னைக் கிழவன் என்று சொன்ன கூட்டம் ஒரு நாளாவது என் கைக்குக் கட்டுப்பட்டு நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மண்டபத்துக்குள் போனதும் திக்கென்றது. அவ்வளவு சனம். எங்கள் இறுதிப் போட்டிக்கு வீரர்களின் வீட்டுக்காரர்களையும் சேர்த்து நாற்பது பேர் வந்தால் அது திருவிழா. இங்கே படிக்கட்டில், ஜன்னலில், மேடையில் எல்லாம் ஆள். எல்லாக் கையிலும் கைப்பேசி.

முதல் சண்டை இரண்டு இளைஞர்கள். தொடங்கி ஒரு நிமிடத்தில் ஒருவன் தாடையில் வாங்கி விழுந்தான். முப்பது வருடப் பொக்சிங் பழக்கம் சும்மா இருக்குமா? நான் பாய்ந்து நடுவில் நின்று, அடித்தவனை மூலைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டி, விழுந்தவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி எண்ணத் தொடங்கிவிட்டேன். "ஒன்று, இரண்டு, மூன்று..." எட்டு மூலைக் கூண்டில் அந்தப் பையன் எந்த மூலைக்குப் போவான்? அவன் பேந்தப் பேந்த விழித்தான். விழுந்தவனும் படுத்தபடி என்னைப் பார்த்து முழித்தான்.

மண்டபம் சிரித்தது. சிரிப்பென்றால் ஓய்கிற சிரிப்பு இல்லை. "பொக்சிங் மாமா, இன்னும் எண்ணுங்க" என்று ஒருவன் கத்தினான். பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்து வரை எண்ணி, கைதட்டி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். சதீஸ் கூண்டுக் கம்பிக்கு அருகில் வந்து, பாவம், மெதுவாகத்தான் சொன்னான்.

"சார், சும்மா சும்மா நடுவுல பாயாதீங்க. நல்லா உறுதியா தெரிஞ்சா மட்டும் போங்க."

"தெரியும்" என்றேன். காது கொதித்தது. அடுத்த மூன்று சண்டையிலும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றேன். தெய்வாதீனமாக அவை தாமாகவே முடிந்தன. நானோ பாடம் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது சண்டை நிரோஷினியுடையது. எதிரில் கண்டியிலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளை, மல்லுக்கட்டில் கெட்டிக்காரி. முன்வரிசையில் பாதுகாப்புச் சேவையொன்றின் மகளிர் அணிப் பயிற்சியாளர் வந்து உட்கார்ந்திருந்தார். நிரோஷினி நன்றாகச் சண்டை போட்டால் அவளை அணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். எடுத்தால் அரசாங்க உத்தியோகம், தங்க இடம், அம்மாவை லயத்திலிருந்து கூட்டிப் போகலாம். கூண்டுக்குள் வந்தவள் என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றாள். பிறகு தலையைக் குனிந்து, "கும்பிடுறேன் சார்" என்றாள்.

முதல் சுற்று முழுக்க அவளுடைய இடது கைதான் பேசியது. நான் சொல்லிக்கொடுத்த கை. எனக்குள் ஒரு கர்வம், பாருங்கடா உங்கள் கூண்டுக்குள்ளேயும் ஜெயிப்பது என் பொக்சிங்தான் என்று. பயிற்சியாளர் முன்னால் சாய்ந்து ஏதோ குறித்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் கண்டிப் பிள்ளை குனிந்து இடுப்பைப் பிடித்துத் தரையில் சாய்த்தது. சாய்த்த வேகத்தில் அந்த இடது கையைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் இழுத்துப் பூட்டி, முழங்கையை மறுபக்கம் மடக்கத் தொடங்கியது.

நான் குனிந்து நிரோஷினியின் கண்ணைப் பார்த்தேன். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர், "கையைப் பாக்காத, கண்ணப் பாரு. கண்ணு தெளிவா இருந்தா சண்ட இருக்கு" என்று சொல்லியிருந்தார். குத்துச்சண்டைக்கு அது முழு உண்மை. தலையில் அடி வாங்கியவனின் கண்தான் முதலில் போகும். ஆனால் முழங்கை மடங்குகிறவளின் கண் கடைசி வரை தெளிவாகவே இருக்கும். அவள் கண் தெளிவாக இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்த கதையை இது வரை எல்லோருக்கும் இப்படித்தான் சொன்னேன்: நான் கண்ணைப் பார்த்தேன், அதனால் அவளுடைய வலது கை தட்டியதை நான் பார்க்கவில்லை. கேட்டவர்கள் நம்பினார்கள். என் முதுகு மறைத்ததால் எந்தக் கைப்பேசியிலும் அந்தக் கை விழவில்லை.

பார்த்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் தொடையில் இரண்டு தரம் தட்டினாள். எனக்குத் தெரிந்தது. உடனே நடுவில் போய் நிறுத்த ஒரு காலை எடுத்தும் வைத்தேன். அப்போது காதுக்குள் அந்தச் சிரிப்பு. மறுபடியும் அவசரப்பட்டு, மறுபடியும் மண்டபம் எண்ணத் தொடங்கினால்? இன்னொரு தரம் தட்டட்டும், உறுதியாகத் தெரியட்டும் என்று நின்றேன். கண்டிப் பிள்ளை பிடியைச் சற்றுத் தளர்த்தி என்னைப் பார்த்தது. நிறுத்தச் சொல்வேன் என்று எதிர்பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நடுவர் சொல்லாமல் விடக்கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது மறுபடி இழுத்தது.

சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அந்தப் பிள்ளைதான் முதலில் கையை விட்டுவிட்டு, "நவத்தன்ன சேர், நவத்தன்ன" என்று அழுதது. நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வேண்டியதை எதிராளி சொன்னாள். நிரோஷினி அழவில்லை. கோணிக் கிடந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா வேலைக்குப் போகாமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "சார் இருந்ததுனால தான் கையோட போச்சு, இல்லாட்டி கழுத்த முறிச்சிருப்பாளுங்க" என்றாள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன், பாருங்கள்.

நிரோஷினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் தட்டுனது தெரியலயா சார்?"

"தெரியல பிள்ள."

"சரி சார்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து அந்தக் கை யாருடைய கையோ ஆகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் முகநூலில், 'இதுதான் உங்கள் காட்டுமிராண்டி விளையாட்டு' என்று எழுதினார்கள். அவர்கள் பக்கம், 'பொக்சிங் கிழவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் இப்படித்தான்' என்று எழுதியது. எது பெரிய விளையாட்டு, எதற்குக் கூட்டம் அதிகம் என்று ஒரு மாதம் அடித்துக்கொண்டார்கள். கைக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவராவது கேட்டு எழுதியதை நான் காணவில்லை.

விளையாட்டு அலுவலகம் என்னிடம் அறிக்கை கேட்டது. எங்கள் குத்துச்சண்டைச் சங்கச் செயலாளர் அன்றைக்கே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எனக்கு நிறையச் செய்தவர்.

"சார், கடவுளாப் பாத்து குடுத்த சந்தர்ப்பம். ஒங்க பிழைன்னு எழுதிடாதீங்க. வெளயாட்டே அப்படித்தான்னு எழுதுங்க. நம்ம பிள்ளைகள் திரும்பி வரட்டும்."

எழுதினேன். எவ்வளவு அழகாக எழுதினேன் என்கிறீர்கள். 'வீராங்கனை தட்டியதாகத் தென்படவில்லை. தோல்வியை ஏற்க விரும்பாமல் தாமதித்திருக்கலாம். இக்காயம் இவ்விளையாட்டின் இயல்பினால் ஏற்பட்டது.' பேப்பரில் யாரும் தன்னைத் தோற்கடிக்க மாட்டார்கள் என்று போனவளை, பேப்பரில் தோற்கடித்தேன். எட்டே வரி.

அந்த எட்டு வரிக்குப் பிறகு பாடசாலைப் பிள்ளைகள் சதீஸின் மாடிக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு பருவத்துக்குள் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான். என் மண்டபத்துக்குப் பதினைந்து பிள்ளைகள் வந்தார்கள். சங்கம் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். அந்தப் பதினைந்து பேரும் மழைக்காலம் முடிவதற்குள் வீட்டில் கைப்பேசியில் கூண்டுச் சண்டை பார்க்கப் போய்விட்டார்கள். இப்போது மண்டபத்தில் தையல் வகுப்பு நடக்கிறது.

நிரோஷினியின் கை நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் வெட்டித் தைத்தார்கள். சேவையில் சேர மருத்துவச் சோதனையில் இரண்டு கையையும் நேரே நீட்டிக் காட்ட வேண்டுமாம். அந்தப் பயிற்சியாளர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, "தோல்வியை ஒத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை எங்களுக்குச் சரிவராது" என்றும் சொன்னாராம். கையை மட்டுமில்லை, பெயரையும் சேர்த்து முறித்திருக்கிறேன். அவள் அம்மா இன்னும் காலையில் தோட்டத்துப் பெரட்டு வரிசையில் போய் நின்றுதான் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு தூக்கம் கெட்டு, ஒரு நாள் புதிய கடிதம் எழுதினேன். தட்டினாள், பார்த்தேன், நிறுத்தவில்லை. அதைச் செயலாளரிடம் கொண்டுபோனேன். நின்றபடி படித்தார்.

"இப்ப எதுக்கு சார் இது? சதீஸும் போய்ட்டான். வெளியில வந்தா நம்ம நடுவர்மாருக்கெல்லாம் கெட்ட பேரு. நீங்க வீட்ல போய் ரெஸ்ட் எடுங்க."

கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டார். சாவியைத் திருப்பினார். நான் கேட்டிருந்தால் திருப்பித் தந்திருப்பார். நான் கேட்கவில்லை.

போன மாதம் நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறினேன். அவளுடைய தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பரா ஒன்று புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய கட்டடத்தில் நிரோஷினி வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாசலில் நின்றேன். பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள், தரையில் பழைய மெத்தை, சுவரோரம் குத்துகிற சாக்கு. பொக்சிங்கா எம்.எம்.ஏ.யா என்று கேட்டால் சொல்ல முடியாது, இரண்டும் நடந்தது. அவள் ஒருத்தியைக் கீழே படுக்கவைத்து, கையைப் பூட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். பூட்டுகிற அவளுடைய இடது கை முழங்கையோடு மடங்கியே நின்றது.

"வலிக்கிறதுக்கு முந்தியே தட்டுங்க. வெக்கப்படாதீங்க. தட்டும்போது வாயாலயும் கத்துங்க."

"ஏன் அக்கா? அதான் ரெஃப்ரி பாப்பாருல்ல?"

"பாப்பாரு. பாத்துக்கிட்டு தான் இருப்பாரு. அதுனால தான் கத்தச் சொல்றேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் "சரி சார்" என்றாளே, அப்போதே அவளுக்குத் தெரியும். தட்டும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்ததும் என் கண்ணைத்தானே. நான் அவள் கண்ணைப் படித்த லட்சணம்தான் தெரியுமே. அவள் என் கண்ணைச் சரியாகப் படித்திருந்தாள்.

அவள் நிமிர்ந்து என்னைக் கண்டாள். முகம் மாறவில்லை. "எழும்பி வணக்கம் சொல்லுங்க. எனக்கு பொக்சிங் சொல்லிக் குடுத்த சார் இவரு தான்" என்றாள். பிள்ளைகள் எழுந்து கும்பிட்டார்கள். கேள்வி கேட்ட பிள்ளைதான் மறுபடி வாயைத் திறந்தது.

"சார், நீங்க ரெஃப்ரியாமே?"

முப்பது வருடம் எத்தனையோ தீர்ப்புச் சொன்னேன். சரியான நேரத்தில் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. பிந்திச் சொல்லும் தீர்ப்பால் முறிந்த கை ஒட்டாது என்று தெரிந்துதான் சொன்னேன்.

"ஆமா. அக்கா சொல்றது சரி. அவ தட்டுனா. நான் பாத்துக்கிட்டு தான் நின்னேன்."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து, கலைந்திருந்த மெத்தையின் ஓரத்தை நிமிராத கையால் இழுத்துச் சரி செய்தாள்.

"அடுத்த ஜோடி வாங்க" என்றாள்.